கொரியாவின் கிம்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

சோல் நகரத்தின் நாம்சான் மலைமேல் நின்று ஒரு கல்லை வீசினால் அது ஏதாவது ஒரு கிம் தலையிலோ லீ தலையிலோதான் விழும் என்று கொரியர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வருகிறது. 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்கொரியாவில் கிம் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல். அதாவது ஐந்து பேரில் ஒருவர். லீ, பார்க் என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டால் நாட்டில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கொரியத் தொடர்கள் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நாயகனும் கிம், நாயகியும் கிம், அவர்களைப் பிரிக்க நினைக்கும் பணக்காரப் பாட்டியும் கிம். இவர்கள் எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் சொந்தக்காரர்களா? ஒரே ஆளின் வாரிசுகளா? குலவரலாற்று ஏடுகளைக் கேட்டால் ஒரு பதில் வரும், அரசாங்கப் பதிவேடுகளைக் கேட்டால் இன்னொன்று, மரபணுவைக் கேட்டால் வேறொன்று. மூன்றையும் பார்த்துவிடுவோம். மூன்றாவதில்தான் நம் ஊர் வாட்ஸாப்பில் சுற்றும் ஒரு ராணியும் வருகிறார்.

எந்த ஊர் கிம்?

கிம் என்று மட்டும் சொன்னால் கொரியருக்கு அது பாதித் தகவல்தான். எந்த ஊர் கிம் என்பது அடுத்த கேள்வி. அந்த ஊருக்குப் போன்குவான் என்று பெயர். குலத்தின் மூதாதை எந்த ஊரில் வேரூன்றியதாகச் சொல்கிறார்களோ அதுதான் போன்குவான். இன்று அந்தக் குலத்தார் அங்கே வாழவேண்டும் என்பதில்லை. பலர் அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிம்களில் மிகப் பெரிய கூட்டம் கிம்ஹே கிம். பூசான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிம்ஹே நகரம் இவர்களின் மூலஊர். 2015 இல் இவர்கள் மட்டும் சுமார் 44.5 லட்சம் பேர். அடுத்தது கியோங்ஜு கிம், ஏறக்குறைய 18 லட்சம். இவை தவிர இன்னும் ஏராளமான ஊர்க் கிம்கள் உண்டு. அதிபராக இருந்த கிம் தே-ஜுங் கிம்ஹே கிம். அவருக்கு முன் அதிபராக இருந்த கிம் யொங்-சாம் கிம்ன்யொங் கிம். வடகொரியாவை ஆளும் கிம் குடும்பம் தன்னை ஜொன்ஜு கிம் என்று சொல்லிக்கொள்கிறது. பெயர் ஒன்று, குலம் மூன்று.

ஊர் ஒன்றாக இருந்தாலும் குலம் ஒன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆன்டொங் என்ற ஊரை மூலஊராகக் கொண்ட கிம்கள் இரண்டு வகை: பழைய ஆன்டொங் கிம், புதிய ஆன்டொங் கிம். இரண்டுக்கும் மூதாதை வேறு வேறு. 19 ஆம் நூற்றாண்டில் அரசர்களுக்குப் பெண் கொடுத்தே நாட்டைக் கைக்குள் வைத்திருந்தவர்கள் புதிய ஆன்டொங் கிம்கள்.

ஆக, ஒரே பெயரும் ஒரே மூலஊரும் ஒரே மூதாதையும் இருந்தால்தான் அவர்கள் பங்காளிகள். கிம்ஹே கிம்மும் கியோங்ஜு கிம்மும் பங்காளிகள் இல்லை. குல ஏடுகளே அப்படித்தான் சொல்கின்றன.

முட்டையும் பெட்டியும்

இரண்டு பெரிய கிம் குலங்களின் பிறப்புக் கதைகளும் அழகானவை.

கிம்ஹே கிம்களின் மூதாதை சூரோ மன்னர். கி.பி. 42 இல் குஜிபோங் என்ற குன்றின்மேல் வானத்திலிருந்து ஒரு கயிறு இறங்கியது. அதன் முனையில் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு பொற்பேழை. உள்ளே சூரியனைப் போல உருண்டையான ஆறு பொன் முட்டைகள். முதலில் பொரிந்து வந்தவர் சூரோ. அவர் காயா நாட்டுக்கு அரசரானார், மற்ற ஐவரும் பக்கத்துக் காயா நாடுகளை ஆண்டார்கள். இந்தக் கதை இருப்பது 13 ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா' என்ற நூலில்.

கியோங்ஜு கிம்களின் மூதாதை கிம் அல்ஜி. கி.பி. 65 இல் சில்லா நாட்டு மன்னர் தல்ஹே ராத்திரியில் காட்டுப் பக்கமிருந்து சேவல் கூவுவதைக் கேட்டு ஆளனுப்பிப் பார்க்கச் சொன்னார். மரக்கிளையில் ஒரு தங்கப் பெட்டி தொங்கியது, அடியில் வெள்ளைச் சேவல் நின்றது. பெட்டியைத் திறந்தால் ஒரு ஆண் குழந்தை. பொற்பெட்டியிலிருந்து வந்ததால் பொன் என்ற பொருள் தரும் சீன எழுத்தே குழந்தையின் குலப் பெயரானது. அதைத்தான் கொரியர்கள் கிம் என்று படிக்கிறார்கள். அந்தக் காடு இன்றும் கியோங்ஜுவில் கியேரிம் என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. இந்தக் கதையைச் சொல்லும் 'சம்குக் சாகி' 1145 இல் முடிக்கப்பட்டது. அதைத் தொகுத்த கிம் பூசிக் தாமும் ஒரு கியோங்ஜு கிம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. சூரோ 158 வயது வரை வாழ்ந்தார், அவருடைய ராணி 157 வயது வரை வாழ்ந்தார் என்றும் சம்குக் யூசா எழுதுகிறது. இதை வரலாறாக எடுத்துக்கொண்டு மரபணுவில் ஆதாரம் தேடப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்களை முதலில் ஜீரணிக்க வேண்டும்.

பெயர் எப்போது வந்தது?

கதைகளை ஓரமாக வைத்துவிட்டுக் கல்லிலும் அரசுக் கடிதங்களிலும் தேடினால் படம் மாறுகிறது. 521 இல் சீனாவின் லியாங் அரசவைக்குத் தூது அனுப்பிய சில்லா மன்னரின் குலப் பெயர் 'மோ' என்று சீன வரலாறு குறிக்கிறது. கிம் என்ற பேச்சே இல்லை. 565 இல் சீனாவின் வட சீ அரசு பட்டம் கொடுக்கும்போதுதான் சில்லா மன்னர் 'கிம் ஜின்ஹுங்' என்று எழுதப்படுகிறார். அதே ஜின்ஹுங் சில ஆண்டுகளில் தன் எல்லைகளில் நட்ட கல்வெட்டுகளில் அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒருவருக்குக்கூடக் குலப் பெயர் கிடையாது. எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், என்ன பதவி, என்ன பெயர், அவ்வளவுதான்.

சீனாவோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள ஒரு குலப் பெயர் தேவைப்பட்டது, அரச குடும்பம் கிம் என்று வைத்துக்கொண்டது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். பெட்டிக்குள் கிடைத்த குழந்தைக்கு முதல் நாளே கிம் என்று பெயர் வைத்தது பின்னால் வந்தவர்கள் பின்னோக்கி எழுதியது.

இரண்டு கிம்களும் இதற்குள் கலந்தும் விட்டார்கள். 532 இல் கிம்ஹேயை ஆண்ட காயா மன்னர் சில்லாவிடம் சரணடைந்தார். அவர் குடும்பத்துக்கு சில்லாவில் உயர்ந்த இடம் கிடைத்தது. அந்த வழியில் வந்தவர்தான் பெரும் தளபதி கிம் யூசின். யூசினின் தங்கை சில்லா இளவரசர் கிம் சுன்சூவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த முன்மு மன்னருக்குத் தகப்பன் வழியில் அல்ஜி, தாய்வழியில் சூரோ. ஆண் வழியை மட்டும் எண்ணும் குல ஏட்டில் அவர் சில்லா கிம் மட்டுமே.

இந்த முன்முவின் கல்லறைக் கல்வெட்டில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. சில்லா கிம்களின் முன்னோர் சீனாவில் பிரபுவாக இருந்தவர் என்று அது குறிப்பால் சொல்கிறது. அந்தப் பட்டத்துக்குரியவர் ஜின் மிடி என்ற சியோங்னு இளவரசர். சியோங்னுக்கள் சீனாவின் வடக்கே புல்வெளியில் வாழ்ந்த குதிரை வீரர்கள். கி.மு. 121 இல் சிறுவனாகச் சிறைப்பட்டு, ஹான் பேரரசர் வூவின் குதிரை லாயத்தில் வேலை பார்த்து, பிறகு பேரரசரின் நம்பிக்கைக்கு உரியவராக உயர்ந்தவர் மிடி. அவருக்குப் பேரரசர் கொடுத்த குலப் பெயரும் அதே 'பொன்' எழுத்துதான். 864 இல் சீனாவில் இறந்த ஒரு சில்லா வம்சக் கிம் பெண்ணின் கல்லறை வாசகமும் இதையே சொல்கிறது.

அப்படியானால் கிம்கள் புல்வெளி நாடோடிகளின் வாரிசுகளா? கொரியத் தொலைக்காட்சிக்கு இது பிடித்தமான தலைப்பு. சில்லாவின் தங்கக் கிரீடங்களையும் மரஅறையின் மேல் கல் குவித்த கல்லறைகளையும் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள். எனக்கு இது நம்பும்படியாக இல்லை. 7 ஆம் நூற்றாண்டில் சீனாவோடு சரிசமமாகப் பேச நினைத்த ஓர் அரசவை, தன் எழுத்தோடு பொருந்தும் ஒரு புகழ்பெற்ற முன்னோரைச் சீன வரலாற்றிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொண்டது என்பதே எளிய விளக்கம். கிரீடம் செய்யும் பாணி வணிகத்தோடும் கைவினைஞரோடும் பயணம் செய்யும். அதற்கு ரத்த உறவு தேவையில்லை.

ஒரு கோடி எப்படி ஆனது?

அரச குடும்பத்துப் பெயர் ஒன்று எப்படி ஐந்தில் ஒருவருக்குச் சொந்தமானது? பிள்ளை பெற்றுப் பெருகினார்கள் என்பது பதிலில் ஒரு பங்குதான்.

935 இல் சில்லாவின் கடைசி மன்னர் கியோங்சூன் கோர்யோ அரசிடம் நாட்டை ஒப்படைத்தார். பல கிம் குலங்கள் அவரையே மூதாதையாகக் காட்டுகின்றன. கோர்யோவை நிறுவிய வாங் கொன் உள்ளூர்த் தலைவர்களுக்குக் குலப் பெயர்களையும் மூலஊர்களையும் வழங்கித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். 1055 இல் குலப் பெயர் பதிவு இல்லாதவர்கள் அரசுத் தேர்வு எழுத முடியாது என்று சட்டம் வந்தது. பதவி வேண்டுமா, பெயர் வேண்டும். ஆனாலும் சாதாரண மக்களில் பலருக்கும் அடிமைகளுக்கும் பெயர் வெறும் பெயராகவே இருந்தது.

அடுத்து வந்த ஜோசொன் காலத்தில் குலவரலாற்று ஏட்டுக்கு, அதாவது ஜொக்போவுக்கு, மதிப்பு ஏறியது. யாங்பான் என்ற மேல்தட்டுக் குடும்பம் என்று நிரூபித்தால் படைவரியிலிருந்து தப்பிக்கலாம். 1592 இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு நாட்டைச் சூறையாடியபின் அரசே கஜானாவை நிரப்பப் பெயர் எழுதாத பதவிச் சான்றிதழ்களைத் தானியத்துக்கு விற்றது. அரசே விற்கும்போது குடும்பங்கள் சும்மா இருக்குமா? நொடித்துப்போன யாங்பான்கள் ஜொக்போவில் இடத்தை விற்றார்கள். காசு சேர்த்த விவசாயிகளும் வணிகர்களும் வாங்கினார்கள். வாரிசில்லாமல் போன ஒரு கிளையின் கீழ் புதிய பெயரைச் சொருகிவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

1894 இல் சாதி அடுக்கும் அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தன. 1909 இல் வந்த குடிப்பதிவுச் சட்டம் எல்லாருக்கும் குலப் பெயர் கட்டாயம் என்றது. அதுவரை பெயரில்லாதவர்கள் பதிவு அலுவலரின் முன் ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலர் பழைய எஜமானரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், சிலருக்கு அலுவலரே ஒன்றை எழுதிவிட்டார். புதிதாக ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டால் ஊருக்கே தெரியும் இவன் நேற்று வரை யார் என்று. கிம் என்று போட்டால் கூட்டத்தில் கூட்டமாகக் கரைந்துவிடலாம். பெரிய பெயர்கள் மேலும் பெரிதானதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

1940 இல் ஜப்பானிய ஆட்சி ஜப்பானியப் பாணிப் பெயர்களை வற்புறுத்தியபோது பல கிம்கள் கனேடா, கனேமுரா என்று பொன் எழுத்தை உள்ளே ஒளித்துவைத்த பெயர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலைக்குப் பின் 1946 இல் பழைய பெயர்கள் திரும்பின.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த கிம் ஒருவர் உண்டு. 1592 இல் படையெடுத்து வந்த ஜப்பானியர்களில் சயாகா என்ற வீரர் வந்த கொஞ்ச காலத்தில் கொரியா பக்கம் சேர்ந்துவிட்டார். துப்பாக்கி செய்யக் கற்றுக்கொடுத்தார். சொன்ஜோ மன்னர் அவருக்குக் கிம் சுங்-சொன் என்று பெயரும் கிம்ஹேயை மூலஊராகவும் கொடுத்தார். அவருடைய வாரிசுகள் தேகு நகரை ஒட்டிய ஊரோக் கிராமத்தில் இன்றும் இருக்கிறார்கள். அரசர் கொடுத்த பெயர் என்பதால் இவர்களைத் தனி வகையாகக் குறிப்பிடுவார்கள். கிம்ஹே கிம் என்ற பெயர், ஜப்பானிய மூதாதை, பொன் முட்டைக்குச் சம்பந்தமே இல்லை.

ஒய் குரோமோசோம் என்ன சொல்லும்?

சரி, மரபணுவுக்கு வருவோம்.

ஆணின் ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. கொரியாவில் குலப் பெயரும் அதே பாதையில்தான் போகிறது. ஆகவே ஒரு பெயர் உண்மையிலேயே ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தால், அந்தப் பெயர் கொண்ட ஆண்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், தலைமுறைகள் போகப் போக அதில் சின்னச் சின்னப் பிழைகள் விழும். பழைய ஏட்டுச்சுவடியைப் பிரதி எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியில் விழுந்த எழுத்துப்பிழை அதைப் பார்த்து எழுதிய எல்லாப் பிரதிகளிலும் தொடரும். எந்தப் பிழை யாரிடம் இருக்கிறது என்று ஒப்பிட்டால் எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஒய் குரோமோசோமிலும் அப்படிப் பொதுவான பிழைகளை வைத்து மனிதர்களைப் பெரும் கிளைகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

கொரிய ஆண்களில் பத்தில் நான்கு பேர் ஓ-எம்122 என்ற கிளை. இது சீனாவிலும் பெருங்கூட்டம். பத்தில் மூன்று பேர் ஓ-எம்176, இது கொரியாவிலும் ஜப்பானிலும் மட்டுமே பெரிய அளவில் உள்ளது. அடுத்து வடகிழக்கு ஆசியாவில் பரவிய சி கிளை. மூன்றுமே குலப் பெயர்கள் தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே பிரிந்தவை. இதனால் ஒரு முக்கியமான விஷயம்: இரண்டு கிம்கள் ஓ-எம்176 கிளையில் இருந்தால் அவர்கள் சூரோவின் வாரிசுகள் என்று ஆகாது. பக்கத்து வீட்டு பார்க்கும் அதே கிளையில் இருப்பார். ஆனால் ஒருவர் ஓ-எம்122, இன்னொருவர் ஓ-எம்176 என்றால் இருவருக்கும் சூரோ ஆண்வழி மூதாதையாக இருக்கவே முடியாது. சம்பந்தமில்லை என்று சொல்வது இந்தச் சோதனைக்கு எளிது, சம்பந்தம் உண்டு என்று சொல்ல நுட்பமான உட்கிளை வரை போக வேண்டும்.

ஏட்டில் யாரும் கை வைக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கணக்கு இருக்கிறது. சூரோ காலத்திலிருந்து இன்றுவரை, தலைமுறைக்கு 30 ஆண்டு என்றால், சுமார் 66 தலைமுறை. ஐரோப்பியக் குடும்பப் பெயர்களை ஆராய்ந்தவர்கள், ஊர் அறிந்த தகப்பன் வேறு, பெற்ற தகப்பன் வேறு என்பது தலைமுறைக்கு ஒரு விழுக்காட்டை ஒட்டி நடந்திருப்பதாகக் கண்டார்கள். அந்த ஒரு விழுக்காட்டை 66 தலைமுறைக்குப் பெருக்கிப் பார்த்தால் பாதி வழிகள்தான் அறுபடாமல் மிஞ்சும். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நீண்ட காலத்தில் சிறிய எண் பெரிதாகும், அவ்வளவுதான். கொரியாவில் தத்து எடுப்பதையும் ஆண்வழிப் பங்காளி வீட்டிலிருந்தே எடுக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததால் தத்தினால் வழி மாறுவது அங்கே குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பல்லை வைத்துத் தீர்ந்த ஒரு வழக்கு

குலப் பெயரும் மரபணுவும் கைகொடுத்த ஒரு நல்ல உதாரணம் சீனாவில் இருக்கிறது. மூன்று ராஜ்ஜியக் காலத்துப் போர்த்தலைவர் சாவ் சாவ். அவருடைய தகப்பனார் சாவ் சொங், சாவ் டெங் என்ற விதையடிக்கப்பட்ட அரண்மனை அதிகாரி தத்தெடுத்த பிள்ளை. எங்கிருந்து எடுத்தார்? ஷியாஹோவ் குடும்பத்துப் பிள்ளை என்று எதிரிகள் பேசினார்கள். தாங்கள் ஹான் பேரரசின் தொடக்கக்கால முதலமைச்சர் சாவ் ஷென்னின் வாரிசு என்று குடும்பம் பெருமை பேசியது.

ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாவ் சாவின் வழி என்று குல ஏடு வைத்திருக்கும் இன்றைய சாவ் குடும்பங்களின் ஒய் குரோமோசோமைச் சேகரித்தார்கள். பல ஊர்களில் பிரிந்து வாழும் அந்தக் குடும்பங்களிடம் ஓ-எம்268 என்ற அவ்வளவு பரவலில்லாத ஒரு கிளை மீண்டும் மீண்டும் தென்பட்டது. 2012 இல் அதை வெளியிட்டார்கள். அடுத்து, சாவ் டெங்கின் சகோதரர் சாவ் டிங்கின் கல்லறையில் கிடைத்திருந்த பல்லைச் சோதித்தார்கள். அதே கிளை. ஷியாஹோவ் குடும்பத்தோடும் பொருந்தவில்லை, சாவ் ஷென்னின் வழி என்பவர்களோடும் பொருந்தவில்லை. ஆக, தத்து சொந்தக் குலத்துக்குள்ளேயே நடந்தது. எதிரிகளின் வதந்தியும் பொய், குடும்பத்தின் பெருமையும் பொய்.

இது ஏன் நடந்தது என்று கவனியுங்கள். சாவ் என்ற பெயர் கொண்ட எல்லாரும் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதர், அவர் வழி என்று சொல்லும் குறிப்பிட்ட குடும்பங்கள், ஒப்பிடுவதற்குப் பழைய பல் ஒன்று. கிம்ஹே கிம்களுக்கு சூரோவின் பல் கிடையாது.

அயுத்தாவிலிருந்து வந்த ராணி

இனி அந்த ராணி. சம்குக் யூசாவின்படி கி.பி. 48 இல் அயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்த 16 வயது இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக் சூரோவை மணந்தார். பிள்ளைகளில் இருவர் தாயின் ஹோ என்ற குலப் பெயரைத் தொடர்ந்ததாக மரபு. அதனால் கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும், ஹோ குலத்திலிருந்து பிரிந்த இன்சொன் லீயும் தங்களுக்குள் பெண் எடுத்துக் கொடுப்பதில்லை. பெயர் மூன்று, பங்காளி ஒன்று.

அயுத்தா என்பது அயோத்தி என்று எடுத்துக்கொண்டு 2001 இல் அங்கே நினைவிடம் கட்டினார்கள். 2018 இல் தென்கொரிய அதிபரின் மனைவி நேரில் வந்தார். நம்மவர்களில் ஒரு சாரார் அது ஆய் நாடு, கன்னியாகுமரிப் பக்கம் என்கிறார்கள். செம்பவளம் என்று தமிழ்ப் பெயரும் சூட்டியாயிற்று. அம்மா, அப்பா என்று கொரியரும் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியலோடு இது பகிரப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம், மரபணுவே நிரூபித்துவிட்டது என்ற வரியும் கூடவே வரும்.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பது 2004 இல் இரண்டு தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அறிவிப்பு. கிம்ஹேயின் யேயான்-ரி கல்லறை எலும்புகளில் இந்தியாவோடு தொடர்புபடுத்தக்கூடிய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கிடைத்தது என்றார்கள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து வருவது. மகனுக்கும் கிடைக்கும், மகளுக்கும் கிடைக்கும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு மகள்தான் கடத்துவார். மகன் கடத்த மாட்டார்.

இங்கேதான் எல்லாரும் தாண்டிப் போகும் இடம் இருக்கிறது. கிம் என்ற பெயர் மகன் வழியாகப் போகிறது. ராணியின் மைட்டோகாண்ட்ரியா அவருடைய மகன்களோடு நின்றுவிடும். அந்த மகன்களின் பிள்ளைகளுக்குத் தங்கள் தங்கள் தாயாரின் மைட்டோகாண்ட்ரியாதான் கிடைத்திருக்கும். ஆகவே இன்றைய ஒரு கிம்ஹே கிம்மைச் சோதித்து ராணியின் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடுவது தவறான வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். ராணிக்கு மகள்கள் இருந்து, அவர்களுக்கு மகள்கள் இருந்து, அறுபடாமல் வந்தால், அது இன்று எந்தக் குலப் பெயரிலும் இருக்கலாம். பழைய எலும்பு ஒன்றில் கிடைத்தாலும் அது ராணியின் வழி என்று தனியாகச் சொல்ல வழியில்லை. இன்னொன்று, மைட்டோகாண்ட்ரியாவின் 'எம்' என்ற பெரும் கிளை இந்தியாவிலும் உண்டு, கிழக்காசியாவிலும் உண்டு. எந்த உட்கிளை என்று சொல்லாமல் இந்தியத் தொடர்பு என்றால் அதற்கு எடை குறைவு.

2022 இல் இதைவிட விரிவான ஆய்வு ஒன்று வந்தது. கிம்ஹேயில் காயா காலத்தில், அதாவது 4, 5 ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிப் புதைக்கப்பட்ட எட்டுப் பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். தேசொங்-தொங் என்ற மேல்தட்டுக் கல்லறைத் திடலில் கிடந்தவர்களும் அதில் உண்டு. வடசீனாவின் வெண்கலக் கால மக்களோடு உறவுள்ள ஒரு பங்கு, ஜப்பானின் பழங்குடிகளான ஜோமோன் மக்களோடு உறவுள்ள ஒரு பங்கு, இரண்டையும் சேர்த்தால் அவர்களின் மரபணுவை விளக்கிவிட முடிந்தது. சிலரிடம் ஜோமோன் பங்கு கொஞ்சம் கூடுதல். இந்தியப் பங்கு என்று ஒன்றைச் சேர்க்கத் தேவைப்படவில்லை.

எட்டுப் பேரை வைத்து ராணி வரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு பெண் வந்திருந்தால் அவருடைய பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள், இருபது போனால் 10 லட்சத்துக்கு மேல், முப்பது போனால் 100 கோடியைத் தாண்டும். அவ்வளவு பேர் உலகிலேயே அப்போது இல்லை, அதனால் ஒரே ஆட்கள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 66 தலைமுறைக்கு முன் கொரியாவில் ஒரு பெண் வாழ்ந்து அவர் வழி தழைத்திருந்தால், இன்று கிட்டத்தட்ட எல்லாக் கொரியரும் அவர் வாரிசுதான்: கிம், லீ, பார்க், யாரானாலும். அதே சமயம் அவர்களில் மிகப் பலரிடம் அவருடைய டி.என்.ஏ. ஒரு துண்டுகூட மிஞ்சியிருக்காது. சூரோவுக்கும் இதே கணக்குதான். ஒய் குரோமோசோம் அந்தக் கோடிக்கணக்கான இடங்களில் ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டுகிறது.

சட்டம் கடைசியில் எங்கே வந்து நின்றது?

இதெல்லாம் வெறும் ஆராய்ச்சி விஷயமாக இருந்திருந்தால் பரவாயில்லை. தென்கொரியாவின் குடிமைச் சட்டம் 809 ஆவது பிரிவு, ஒரே குலப் பெயரும் ஒரே மூலஊரும் உள்ளவர்கள் திருமணம் செய்யக் கூடாது என்று சொன்னது. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட கிம்ஹே கிம்கள் ஒருவரையொருவர் சட்டப்படி கட்டிக்கொள்ள முடியாது. அவர்களின் பாட்டனார் 1909 இல் பதிவு அலுவலகத்தில்தான் கிம் ஆனார் என்றாலும் முடியாது. காதலித்துச் சேர்ந்து வாழ்ந்தவர்களின் திருமணம் பதிவாகவில்லை, பிள்ளைகளைப் பதிவதிலும் சிக்கல். 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகச் சலுகை கொடுத்து அப்படிப்பட்ட தம்பதிகளைப் பதிவுசெய்ய விட்டார்கள்.

1997 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. 2005 இல் சட்டமே திருத்தப்பட்டது. ரத்த உறவில் இப்போது தடை எட்டு 'சொன்' வரை மட்டும். சொன் என்பது உறவின் தூரத்தை அளக்கும் கொரியக் கணக்கு: பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒன்று, உடன்பிறந்தவர்களுக்கு இரண்டு, சித்தப்பா பிள்ளைக்கு நான்கு. தாய்வழி, தகப்பன் வழி இரண்டுக்கும் இதே அளவுதான், குலப் பெயர் என்ன என்று கேட்பதில்லை. எட்டு சொன் என்பதும் அதிகம் என்று வழக்கு போனது. 2022 இல் நீதிமன்றம் தடையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் நடந்துவிட்ட எல்லாத் திருமணங்களையும் அதற்காகவே ஒரேயடியாகச் செல்லாது என்று ஆக்குவதைத் திருத்துங்கள் என்றது. கிம்ஹே கிம் பையன் கிம்ஹே கிம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தால் இன்று பதிவு அலுவலகத்தில் கேள்வி இல்லை. வீட்டில் தாத்தா மட்டும் ஜொக்போவை எடுத்து, எந்தக் கிளை என்று விரலால் தேடிப் பார்ப்பார்.